விரல் துள்ளிய நாளும் அதன் பிறகும்

மனச்சோர்வுக்காக இரண்டு மருந்துகளை உரிய அளவில், உரிய காலம் உட்கொண்டும் தேறாத நிலையில்தான், காந்தத் துடிப்புகளால் மூளையைத் தூண்டும் சிகிச்சையைப் பற்றி என் மனநல மருத்துவர் பேச்செடுத்தார். ‘ஷாக்’ கொடுப்பார்களோ என்று பயந்தேன். இதில் மயக்க மருந்தும் இல்லை, வலிப்பை வரவழைப்பதும் இல்லை என்றார். 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் குழுவினர் செய்துகாட்டிய இந்த உத்திக்கு, மனச்சோர்வுச் சிகிச்சைக்கான அனுமதி அமெரிக்காவில் 2008-இல்தான் கிடைத்தது என்று படித்துத் தெரிந்துகொண்டேன். அதைப் படிக்கவே எனக்கு ஒரு வாரம் பிடித்தது, அடுத்த பத்திக்குப் போவதற்குள் முந்தையது மறந்துவிடும்.

தலைக்குள் உலோகம் ஏதும் உண்டா, முன்பு வலிப்பு வந்ததுண்டா என்று துருவித் துருவிக் கேட்ட பிறகே நாற்காலியில் அமர்த்தினார்கள். வலக்கையை மடிமீது தளர்வாக வைக்கச் சொல்லி, காந்தத் துடிப்பை எழுப்பும், ‘8’ போல வளைந்த கம்பிச் சுருளைத் தலையின் இடப்பக்கத்தில் சிறுகச் சிறுக நகர்த்தியபோது, என் கட்டைவிரல் என்னைக் கேளாமலே துள்ளியது. பத்துத் துடிப்புகளில் ஐந்துக்காவது விரல் அசைகிற மிகக் குறைந்த விசையைக் கண்டறிந்து, அதில் 120 விழுக்காட்டை, அவ்விடத்துக்கு முன்னே நெற்றியை ஒட்டிய பகுதியில் செலுத்துவார்களாம். பல் துலக்கவே எழ முடியாமல் கிடந்த எனக்கு, என் விரலின் சுறுசுறுப்பைக் கண்டு சிரிப்புத்தான் வந்தது.

வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம். நான்கு விநாடி படபடவென்று நாற்பது துடிப்புகள், 26 விநாடி ஓய்வு, மறுபடி துடிப்புகள் என்று முப்பத்தேழரை நிமிடங்கள். மூன்றே நிமிடத்தில் முடிகிற முறையும் இப்போது உண்டு, எனக்கு வாய்த்தது பழையது. காதடைப்பானையும் மீறிச் சத்தம் கேட்கும். நெற்றிப்பொட்டருகே யாரோ விடாமல் சுண்டுவது போலிருக்கும். முதல் வாரம் தலைவலியோடுதான் வீடு திரும்பினேன். ஒரு நாள் சுருள் சற்று விலகித் தாடை வெட்டியிழுக்கத் தொடங்கியது. கை தூக்கியதும் நிறுத்திச் சரிசெய்தார்கள். அசௌகரியத்தைச் சொல்லாமல் பொறுத்துக்கொள்வதில் எந்தப் பெருமையும் இல்லை.

மூன்று வாரம் வரை எந்த மாற்றமும் தெரியவில்லை. பாதியில் விட்டுவிடவும் நினைத்தேன். ஓய்வு இடைவெளிகளில் இருபத்தாறு வரை எண்ணுவதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இருந்ததில்லை. நான்காம் வாரத்தில் ஒரு நாள், நண்பர் ஒருவருக்கு எழுத வேண்டிய பதிலை மனத்துக்குள் அமைத்துக்கொண்டிருந்தவன், சத்தம் தொடங்கியதும் திடுக்கிட்டேன், எண்ண மறந்திருந்தேன். மாத்திரை இன்னும் தொடர்கிறது, அளவுதான் குறைந்திருக்கிறது.