கேத்தி வீட்டில் படித்த கிறித்தவ இலக்கியம்

முதுகலைத் தமிழில் சமய இலக்கியத் தாள் வந்தால் நம்மில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். தேம்பாவணி: காண்டம் 3, படலம் 36, பாடல் 3615. இரட்சணிய யாத்திரிகம்: பருவம் 5, பாடல் 3766. இவற்றை உருப்போட்டு, உரைநூலின் பொழிப்புரையையும் மனப்பாடம் செய்துகொண்டு தேர்வுக்குப் போய்விடுவோம். ஒரு மதிப்பெண் வினாவுக்கு இது போதும். இயேசுவின் வளர்ப்புத் தந்தையான சூசையப்பரை (விவிலியத்தில் யோசேப்பு) தேம்பாவணியின் காப்பியத் தலைவராக்க வீரமாமுனிவர் எவற்றைக் கூட்டினார், எவற்றை மாற்றினார் என்று விரிவாகக் கேட்டுவிட்டால் கையைப் பிசைய வேண்டியதுதான்.

எனக்கு இந்தத் தாள் கைகொடுத்ததற்குக் காரணம் நான் தங்கியிருந்த வீடு. திருவாரூர்ப் பக்கத்திலிருந்து உதகைக்குப் படிக்க வந்தவள் நான். வேளாங்கண்ணிக்குப் பலமுறை போயிருக்கிறேன். மெழுகுவத்தி ஏற்றத் தெரியும், அதற்குமேல் ஒன்றும் தெரியாது. உதகையில் விடுதி கிடைக்காமல், அருகே கேத்தியில், தென்னிந்தியத் திருச்சபை என்ற சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் மாடியறைக்கு வந்து சேர்ந்தேன். வீட்டம்மாவான டீச்சர் ஓய்வுபெற்ற கணக்காசிரியை. ஐயா அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இருவருக்கும் பூர்வீகம் திருநெல்வேலிச் சீமை. கேத்தியில் கிறித்தவம் நேற்று வந்ததன்று. பாசல் மிஷன் என்ற ஐரோப்பிய ஊழிய அமைப்பு 1846இலேயே இங்கே வேலையைத் தொடங்கிவிட்டது.

வேற்றுச் சமயத்தார் வீட்டில் தங்கப் போகிறவர்கள் முதல் நாளே வீட்டின் நேர ஒழுங்கைக் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே இரவு எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். தொலைக்காட்சி நின்றுவிடும், அடுப்பும் அணைந்துவிடும். நான் வந்து உட்கார வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. குளிர் தாங்காமல் கீழே இருந்த கணப்பருகே வந்து உட்கார்ந்தவள்தான், பிறகு எழுந்து போகவில்லை. முதலில் ஒரு கீர்த்தனை. பாட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பாடலுக்கும் மேலே இராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும்; டீச்சர் அவற்றைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. அடுத்து ஓர் அதிகாரம் வாசிப்பு, பிறகு ஜெபம். அந்தக் கீர்த்தனைகளில் பல வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) பாடியவை. அவரும் எங்கள் தஞ்சையின் சரபோஜி மன்னரும் சுவார்ட்சு பாதிரியாரிடம் படித்தவர்கள் என்பதை, தஞ்சைச் சீமையில் பிறந்த நான் நீலகிரிக்கு வந்துதான் தெரிந்துகொண்டேன்.

விவிலியத்தைத் தொடக்கத்திலிருந்து வாசிக்கிறேன் என்று நான் சொன்னபோது டீச்சர் தடுத்துவிட்டார். ஆதியாகமத்தில் தொடங்குகிறவர்கள் லேவியராகமத்தில் நின்றுவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. தேம்பாவணிதான் பாடம் என்றால் முதலில் லூக்காவின் முதல் இரண்டு அதிகாரங்கள், அடுத்து மத்தேயுவின் முதல் இரண்டு அதிகாரங்கள் என்றார். இந்த நான்கு அதிகாரங்களை ஒரே மாலையில் வாசித்துவிடலாம், நீங்களும் இதையே செய்யுங்கள். லூக்கா மரியாளின் பக்கம் நின்று சொல்கிறார். சகரியா, எலிசபெத்து, யோவானின் பிறப்பு எல்லாம் அவரிடம்தான் இருக்கின்றன. மத்தேயு யோசேப்பின் பக்கம் நிற்கிறார். கனவில் வரும் தூதன், எகிப்துக்கு ஓடுவது, திரும்பி வருவது எல்லாம் அவரிடம். நான்கு நற்செய்திகளிலும் யோசேப்பு வாய் திறந்து பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. அப்படி ஒரு மௌனமான மனிதரை வைத்து 3615 பாடல்! முனிவர் செய்த வேலையின் அளவு எனக்கு அன்றுதான் புரிந்தது.

பத்தாம் வகுப்பிலேயே நாம் படித்த பகுதி நினைவிருக்கும். கானகத்தில் தாய் எலிசபெத்தை இழந்த கருணையன் அழுகிறான், காடும் சேர்ந்து அழுகிறது. கருணையன்தான் யோவான் ஸ்நானன். அந்த மரணம் விவிலியத்தில் எங்கே இருக்கிறது என்று டீச்சரைக் கேட்டேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஓரம் நைந்த கறுப்பு வேதாகமத்தைப் புரட்டி, லூக்கா முதல் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் விரலை வைத்தார். பிள்ளை வளர்ந்து வனாந்தரங்களில் இருந்தான் என்கிறது எண்பதாம் வசனம். அவ்வளவுதான். எலிசபெத்து இறந்ததைப் பற்றிப் பேச்சே இல்லை. அது பிற்கால மரபுக் கதைகளின் வழியாக வந்தது. கானகத்தையே அழவைத்தது காப்பிய மரபு. என் விடைத்தாளுக்கு இந்த ஒரு வேறுபாடே பெரிய மூலதனமாக அமைந்தது.

ஆனால் சூசையப்பர்மீது முனிவருக்கு ஏன் இவ்வளவு பற்று என்று கேட்டபோது டீச்சர் கையை விரித்துவிட்டார். தங்கள் சபையில் அவரை அவ்வளவாகப் பேசுவதில்லை என்றார். பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கப் பாட்டிதான் விளக்கினார். மார்ச் 19 அவருடைய திருநாள், நல்ல மரணத்துக்கு அவர் பாதுகாவலர், வீடுகளில் அவருக்குத் தனி வேண்டுதலே உண்டு. வீரமாமுனிவரின் இயற்பெயரான கான்ஸ்டான்டின் ஜோசப் பெஸ்கியிலேயே ஜோசப் இருக்கிறது. அவர் கத்தோலிக்க இயேசு சபைத் துறவி. ஒரு வீட்டில் கேட்டதை மட்டும் வைத்துக்கொண்டு கிறித்தவம் முழுவதும் இப்படித்தான் என்று எழுதிவிடாதீர்கள். இரு சபையினரும் ஒரே நற்செய்தியைத்தான் வாசிக்கிறார்கள். ஆனால் யாரிடம் வேண்டுவது, யாரைக் கொண்டாடுவது என்று வந்தால் வழிகள் பிரிகின்றன. நம் பாடத்திட்டமோ வீரமாமுனிவரையும் இரட்சணிய யாத்திரிகம் பாடிய கிருஷ்ண பிள்ளையையும் ஒரே அலகில் போட்டுக் கட்டிவிட்டது.

எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையைப் பற்றிப் பேச்செடுத்தால் ஐயாவுக்கு முகம் மலர்ந்துவிடும், ஊர்ப் பாசம். வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறி, 1858இல் கிறித்தவரானவர். ஜான் பனியனின் ஆங்கிலக் கதையைத் தழுவி அவர் எழுதிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் நூலாக வந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் வரும் இயேசுவின் விசாரணைப் பகுதியை ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரத்தில் வாசித்துப் பாருங்கள். நான் அப்படித்தான் வாசித்தேன். குருத்தோலை ஞாயிறு தொடங்கி அந்த வாரம் முழுவதும் வீட்டுப் பேச்சே தணிந்திருந்தது. புனித வெள்ளியன்று பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை மும்மணி ஆராதனை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினார்கள். அவை ஏழும் ஒரே இடத்தில் இல்லை: லூக்காவில் மூன்று, யோவான் நற்செய்தியில் மூன்று, மத்தேயுவும் மாற்கும் சொல்வது ஒன்று. வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்தபின் ஐயா ஏசாயா 53ஐ வாசிக்கச் சொன்னார். அடிக்கப்படக் கொண்டுபோகும் ஆட்டுக்குட்டியைப்போல வாய் திறக்கவில்லை என்ற ஏழாம் வசனம் வந்தது. பிலாத்துவின் முன் இயேசு பேசாமல் நின்றதைக் கிருஷ்ண பிள்ளை ஏன் அப்படிப் பாடினார் என்பதற்கு அதன்பிறகு எனக்கு உரைநூல் தேவைப்படவில்லை.

எல்லாப் பண்டிகையும் பாடத்துக்கு உதவும் என்றில்லை. டிசம்பர் உறைபனியில் வீடு வீடாகப் பாடிக்கொண்டு போனதில் எனக்குக் கிடைத்தது கட்டஞ்சாயாவும் வர்க்கியும் சளியும்தான். அறுப்பின் பண்டிகை வேறு மாதிரி. தோட்டத்தில் விளைந்த கேரட், உருளை, முட்டைக்கோஸ் எல்லாம் ஆலயத்தில் படைக்கப்பட்டு, பிறகு வெளியே ஏலத்துக்கு வரும். மண் உதிராத ஒரு கட்டுக் கேரட்டைச் சந்தை விலையைவிடப் பல மடங்கு கொடுத்து ஐயா எடுத்தார். அடுத்த வாரம் முழுவதும் வீட்டில் கேரட் பொரியல்.

ஊரிலிருந்து சித்தி தொலைபேசியில் கேட்ட கேள்வியை உங்கள் வீட்டிலும் கேட்பார்கள்: உன்னை மதம் மாற்றிவிடுவார்களா? நான் தங்கிய வீட்டார் மாற்றப் பார்க்கவில்லை. வந்துபோன உறவினர் ஒருவர் மட்டும் கொஞ்சம் வற்புறுத்திப் பேசினார். "படிக்க வந்திருக்கிறேன் அண்ணா, கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்" என்று சொன்னதும் டீச்சர் பேச்சை மாற்றிவிட்டார். பணிவாக, முதல் முறையே சொல்லிவிடுவது நல்லது. ஆராதனைக்குப் போனால் பின்வரிசையில் உட்காரலாம், எல்லாரும் எழும்போது எழலாம். திருவிருந்து வாங்க மட்டும் முன்னே போகாதீர்கள். அது பொதுவாக ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் பெற்றவர்களுக்கு உரியது. கேள்வி கேட்கத் தயங்க வேண்டாம். நம்புகிறீர்களா என்று கேட்பதைவிட, இதை எப்படி வாசிக்கிறீர்கள் என்று கேட்டால் நிறையச் சொல்வார்கள்.

விடை எழுதும்போது ஒரு பக்கத்தை இரண்டாக மடித்துப் பழகுங்கள். இடப்பக்கம் நற்செய்தி சொல்வது, வலப்பக்கம் கவிஞர் சேர்த்தது. எலிசபெத்தின் மரணம் வலப்பக்கம் போகும், எகிப்துப் பயணம் இடப்பக்கம் வரும், அந்தப் பயண வழியின் வருணனை மறுபடி வலப்பக்கம். அதிகாரம், வசன எண்ணை உறுதியாகத் தெரிந்தால் மட்டும் எழுதுங்கள். பாடல் தொகை, படலத் தொகையை முதல் பத்தியிலேயே ஒரு வரியில் முடித்துவிட்டால் மீதி நேரம் இந்த ஒப்பீட்டுக்கு மிஞ்சும்.