எட்டு வரி, எட்டு ‘உதவினேன்’

மார்ச் 3, 2025, திங்கள்

பாலிடெக்னிக்கில் தாதிமை டிப்ளோமா முடிந்துவிட்டது. இனி ஸ்டாஃப் நர்ஸ் வேலைக்கு விண்ணப்பம். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஈஎன் (Enrolled Nurse, ஸ்டாஃப் நர்ஸுக்குக் கீழ்நிலைத் தாதி) வேலைக்காக எழுதிய ரெஸ்யூமேயைத் திறந்தேன். புகைப்படம், இனம், சமயம், ஐசி (அடையாள அட்டை) எண் எல்லாம் முதல் பக்கத்திலேயே இருந்தன. அழித்தேன். தேவையில்லாமல் ஐசி எண்ணை வாங்கக்கூடாது என்ற விதி சிங்கப்பூரில் 2019 செப்டம்பரிலேயே வந்துவிட்டது. நாமாக எதற்குக் கொடுப்பது?

மார்ச் 5, புதன்

அனுபவப் பகுதியில் எட்டு வரிகள். எட்டும் ‘உதவினேன்’ என்றே முடிகின்றன. குளிக்க உதவினேன், சாப்பிட உதவினேன், புண்ணுக்குக் கட்டுப்போட உதவினேன். எதுவும் பொய்யில்லை. ஆனால் நான் எதைக் கவனித்தேன், கவனித்ததும் என்ன செய்தேன் என்று ஒரு வரிகூட இல்லை. ஸ்டாஃப் நர்ஸிடம் எதிர்பார்ப்பது அதைத்தானே.

ஓர் இரவு வேலை நினைவுக்கு வந்தது. அறுவை சிகிச்சை முடிந்தவர். இரத்த அழுத்தம் சரி, காய்ச்சல் இல்லை. மூச்சு மட்டும் வழக்கத்தைவிட வேகம். ஒரு முழு நிமிடம் எண்ணினேன்: 24. முன்பு 16 இருந்தது. உடனே பொறுப்புத் தாதியிடம் சொன்னேன், மருத்துவர் வந்து பார்த்தார். இதை ரெஸ்யூமேயில் கதையாக எழுத முடியாது; நோயாளியை அடையாளம் காட்டும் எதுவும் வரக்கூடாது. இப்படி எழுதினேன்: ‘நோயாளியின் நிலை மாறுவதை ஆரம்பத்திலேயே கண்டு, மறுபடி அளந்து உறுதிசெய்து, ஐஎஸ்பார் முறையில் பொறுப்புத் தாதிக்குத் தெரிவித்தேன்.’ ஐஎஸ்பார் என்றால் யார், நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற வரிசையில் தகவல் சொல்வது. இந்த ஒரு வரிக்கு இரண்டு மணி நேரம் ஆனது.

மார்ச் 9, ஞாயிறு

வார்டு அக்காவைத் தேக்காவில் சந்தித்தேன். தோசை ஆறும்வரை படித்தார். தலைப்பில் நான் போட்டிருந்த ‘பதிவுபெற்ற தாதி’யை முதலில் அடித்தார்.

“தாதிமை வாரியத்துல பதிவாகுறதுக்கு முன்னாடி அப்படிப் போடக்கூடாதும்மா. டிப்ளோமா முடிச்சாச்சு, பதிவுக்கு விண்ணப்பிச்சிருக்கேன்னு எழுது.”

அடுத்து, இரத்தக்குழாய் வழியாக மருந்து கொடுத்தேன் என்ற வரி. “தனியாவா, மேற்பார்வையிலயா?” மாணவியாக, மேற்பார்வையில்தான். அதையும் சேர்த்தேன்.

ஈஎன் வருடங்களை ஒரே வரியில் சுருக்கியிருந்தேன். அதற்குத்தான் அக்காவுக்குக் கோபமே வந்தது. “புதுசா படிச்சு வர்ற பிள்ளைங்களுக்கு ராத்திரி மூணு மணிக்கு வார்டு எப்படி இருக்கும்னு தெரியாது. உனக்குத் தெரியும். அதைப் போய் மறைக்கிறியே!”

அவர் சொன்னது சரி. முன்பு அழித்த நான்கு வரிகளைத் திரும்பக் கொண்டுவந்தேன்.

மார்ச் 15, சனி

ஒன்றரைப் பக்கம். பிசிஎல்எஸ் (இதயம் நின்றால் செய்யும் அடிப்படை உயிர்காப்பு) சான்றிதழ் காலாவதி ஆகவில்லை, பார்த்துவிட்டேன். மொழிகளில் தமிழ், ஆங்கிலம், மலாய். ‘வலிக்கிறதா’ என்று சீனப் பாட்டிகளிடம் கேட்கும் அளவுக்கு ஹொக்கியன் தெரியும். அதையும் ‘ஓரளவு’ என்று சேர்த்தேன். இரவு பத்து மணிக்கு அனுப்பினேன். நாளை காலை ஷிஃப்ட்.