சொர்க்கம் இன்று விடுமுறை

கம்போடியாவின் அங்கோர்வாட்டுக்கு ஒரு நாள் சீட்டு 37 டாலர். வாங்கும்போது அன்று பௌத்தர்களின் விரத நாள் என்று எனக்குத் தெரியாது.

காலையில் அகழியைக் கடந்தேன். 190 மீட்டர் அகலம். அது உலகைச் சூழ்ந்த கடல். உள்ளே தெரியும் ஐந்து கோபுரங்களும் மேருவின் சிகரங்கள். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்கு எழுப்பிய கோயில் இது. புராணம் சொல்லும் அண்டத்தையே கல்லில் கட்டி, நம்மை அதற்குள் நடக்கவிட்டிருக்கிறார்கள். நானும் மூச்சு வாங்க நடந்து, சிகரத்துக்கு ஏறும் செங்குத்துப் படிக்கட்டின் அடியில் போய் நின்றேன். கயிறு கட்டியிருந்தது. விரத நாட்களில் மேல்தளத்துக்கு அனுமதி இல்லையாம். காவலர் சிரித்துக்கொண்டே கையை விரித்தார்.

சரி, மேலே இல்லையென்றால் கீழே என்று சுற்றுப் பிராகாரத்துக்குப் போனேன். கிழக்குச் சுவரில் 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடலைக் கடைகிறார்கள். எல்லோரும் படம் எடுப்பது அங்கேதான். எனக்குப் பிடித்தது தெற்குச் சுவரின் கிழக்குப் பாதி: 37 சொர்க்கங்கள், 32 நரகங்கள். எருமை மேல் எமன், அவனுக்கு ஏகப்பட்ட கைகள். சற்றுத் தள்ளிச் சித்திரகுப்தன். தீர்ப்பானவர்களைத் தலைகீழாகக் கீழே தள்ளுகிறார்கள்.

அதற்கப்புறம் நடுவில் வரிசையாகக் கருடன்கள். மேலே சொர்க்கம், கீழே நரகம். உண்மையைச் சொல்கிறேன், சொர்க்கம் சலிப்பாக இருக்கிறது. மாளிகை, உட்கார்ந்திருக்கும் ஒருவர், சுற்றிலும் பணிப்பெண்கள். அடுத்ததும் அதே மாளிகை. சிற்பி உயிரைக் கொடுத்துச் செதுக்கியது நரகத்தைத்தான். விலா எலும்பு தெரியும் உடம்புகள், மூக்கில் கயிறு போட்டு இழுத்துப் போகப்படும் ஒருவன், தடியோடு கிங்கரர்கள். எந்தப் பாவத்துக்கு எந்த நரகம் என்று கெமெர் மொழியில் சின்னச் சின்னக் கல்வெட்டுகள் வேறு. நம் ஊர்க் கும்பிபாகக் கதைகளை நினைத்துக்கொண்டே கைடிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். அரிசி திருடியவனுக்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்பு. எலும்பை முறிப்பது, நாச வேலை செய்தவனுக்கு.

தலையில் ஆணி அறையப்படுகிறவர்களைக் காட்டி, இவர்கள் என்ன செய்தார்கள் என்றேன்.

"சிவன் நந்தவனத்தில் பூப் பறித்தவர்கள்."

எங்கள் ஊர் சிவன் கோயில் மதில் அவ்வளவு உயரமில்லை. எட்டு வயதில் நானும் தங்கையும் ஒரு பை நிறைய நந்தியாவட்டை பறித்திருக்கிறோம். வாட்ஸப்பில் அவளுக்குப் படத்தை அனுப்பினேன்.

"பை உன் கையில்தான் இருந்தது, அண்ணா" என்று பதில் வந்தது.