முட்டி வலி போய்விட்டது, ஆட்டம் மட்டும் ஏன் போகவில்லை?

தைப்பூசம் நெருங்கினால் இந்தக் கேள்வி வந்துவிடும்: ஃபுட்சல் (உள்ளரங்கக் கால்பந்து) ஆட்டத்தில் முட்டி திருகிக்கொண்டது, வலி இல்லை, பத்துமலை ஏறலாமா? அங்கே 272 படிகள். பினாங்கு தண்ணீர்மலையில் 500க்கு மேல். ஏறும்போது தெரியாத தளர்ச்சி இறங்கும்போதுதான் காட்டிக்கொடுக்கும்.

முட்டி திருகும்போது கிழியக்கூடியது, எலும்புகளைப் பிணைக்கும் நாரான லிகமென்ட். கிழிந்தால் அது பழையபடி முளைப்பதில்லை, தழும்பாகத்தான் ஒட்டுகிறது. நல்ல லிகமென்ட்டில் இழைகள் கயிற்றுப் புரிபோல் ஒரே திசையில் ஓடும். புதுத் தழும்பில் அவை மெல்லியவை, திசை கெட்டுக் கிடக்கும். முதல் ஆறு வாரம் தழும்பு நெய்யப்படும் காலம். அது இறுகி முடிய ஓராண்டுக்கு மேலும் ஆகும். வலியோ மூன்று வாரத்திலேயே போய்விடலாம். வலியை வைத்து நாள் குறிப்பதுதான் பலரும் செய்யும் தவறு.

உட்பக்க லிகமென்ட்டான எம்சிஎல், ரத்த ஓட்டம் உள்ளதால் பெரும்பாலும் கத்தி வைக்காமலே ஒட்டும். மூட்டின் நடுவே இருக்கும் லிகமென்ட்டான ஏசிஎல் அப்படியல்ல. மூட்டு நீரில் ரத்தக்கட்டு நிலைக்காததால் அறுந்த முனைகளுக்கு இடையே பாலம் விழுவதில்லை. சிலருக்கு முனை பக்கத்து லிகமென்ட்டான பிசிஎல் மேல் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது போலத் தோன்றும், ஆனால் தாங்காது. அடிபட்டபோது 'டப்' என்று கேட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் முட்டி வீங்கியிருந்தால் ஏசிஎல்லைச் சந்தேகியுங்கள்.

மருத்துவர் முட்டியை 30 டிகிரி மடக்கிப் பக்கவாட்டில் தள்ளிப் பார்ப்பார். அப்போது மட்டும் ஆடினால் எம்சிஎல். நேராக நீட்டியும் ஆடினால் உள்ளே வேறு லிகமென்ட்டும் போயிருக்கக்கூடும். இதை வீட்டில் தினம் செய்து பார்க்காதீர்கள், இளந்தழும்பு இழுபட்டு நீளும். முதல் வாரங்களில் எண்ணெய் போட்டு முட்டியைத் திருகி உருவுவதும் அப்படித்தான். அதற்காக மாதக்கணக்கில் அசையாமல் கட்டிவைப்பதும் கூடாது. அளவான சுமை விழுந்தால்தான் இழைகள் திசை பிடிக்கும்.

இன்னொன்று. கால் மடங்கி விழப்போவதெல்லாம் லிகமென்ட் தளர்ச்சி அல்ல. முட்டியில் கொஞ்சம் நீர் இருந்தாலே முன்தொடைத் தசை அணைந்துபோகும். அதனால் முதல் வேலை அதை எழுப்புவது: குதிகாலுக்கு அடியில் துண்டுச் சுருள் வைத்து, முட்டியைக் கீழே அழுத்தி 5 விநாடி பிடியுங்கள். 10 முறை, நாளுக்கு மூன்று வேளை. முட்டி முழுசாக நீண்ட பிறகு 45 டிகிரி வரை அரை உட்கார்வு, ஒற்றைக்காலில் 30 விநாடி நிற்பது. கடைசியாக 15 சென்டிமீட்டர் படியிலிருந்து மெல்ல இறங்கிப் பாருங்கள். முட்டி உள்பக்கம் சரிந்தால் மலைப்படிக்கு இன்னும் நேரம் வரவில்லை. மறுநாள் வீங்கினால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள்.

முட்டி பூட்டிக்கொண்டாலோ, நடக்கும்போதே திரும்பத் திரும்ப நழுவினாலோ பயிற்சியை நிறுத்துங்கள். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையம்) கடிதம் வாங்கி எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஒவ்வொரு நழுவலிலும் உள்ளே மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்பான மெனிஸ்கஸ் கிழியலாம்.