அல்மாவிடம் நேரம் கேட்பது: கோலாலம்பூரிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு

மலேசியா அல்மா என்ற ரேடியோ தொலைநோக்கியின் பங்காளி நாடு இல்லை. அதனால் கோலாலம்பூரிலோ பினாங்கிலோ இருந்து விண்ணப்பிக்க நினைப்பவர்கள் எங்களிடம் முதலில் கேட்பது, நமக்கெல்லாம் அவதானிப்பு நேரம் தருவார்களா என்பதைத்தான். தருவார்கள். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் அங்கே யார் முடிவெடுக்கிறார்கள், யார் ஆலோசனை சொல்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

அல்மா என்பது சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் 5,000 மீட்டர் உயரத்தில் 66 ஆண்டெனாக்கள். ஐரோப்பா, வட அமெரிக்கா, கிழக்கு ஆசியா ஆகிய மூன்று தரப்பும் சிலியோடு சேர்ந்து நடத்துகின்றன. நேரப் பங்கீடு ஐரோப்பாவுக்கு 33.75 சதவீதம், வட அமெரிக்காவுக்கும் அதே அளவு, கிழக்கு ஆசியாவுக்கு 22.5, இடம் கொடுத்த சிலிக்கு 10. கொள்கை முடிவுகள் அல்மா வாரியத்தின் கையில். எந்தக் கருவியை மேம்படுத்தலாம், பயனர்களுக்கு என்ன தேவை என்று வாரியத்துக்கு எடுத்துச் சொல்வது அறிவியல் ஆலோசனைக் குழு. அன்றாட நிர்வாகம் சிலியின் தலைநகர் சாண்டியாகோவிலுள்ள அலுவலகத்தில். வாரியத்தில் மலேசியாவுக்கு இருக்கை கிடையாது.

மதிப்பீட்டில் மட்டும் நமக்கும் இடம் உண்டு. 2021 முதல் பெரும்பாலான விண்ணப்பங்களை விண்ணப்பித்தவர்களே மதிப்பிடுகிறார்கள். ஒரு விண்ணப்பம் போட்டால் மற்றவர்களுடைய பத்தைப் படித்து, 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் கருத்து எழுத வேண்டும்; இரண்டு போட்டால் இருபது. கெடுவுக்குள் முடிக்காவிட்டால் உங்கள் விண்ணப்பமே நீக்கப்படும், அது எவ்வளவு சிறப்பாக இருந்தாலும். மதிப்பீட்டாளராகப் பெயர் கொடுக்கும் மாணவருக்கு முனைவர் பட்டம் இல்லையென்றால் ஒரு வழிகாட்டியின் பெயரையும் சேர்க்க வேண்டும். மதிப்பீடு நடக்கும் வாரங்களில் அந்த வழிகாட்டி விடுப்பில் இருக்கிறாரா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அழைப்பு வழக்கமாக மார்ச் கடைசியில் வரும். கெடு பெரும்பாலும் ஏப்ரல் கடைசி, சித்திரைப் புத்தாண்டு கழிந்து பத்துப் பன்னிரண்டு நாளில். உலக நேரம் 15:00 என்றால் நமக்கு இரவு 11 மணி. பதிவு செய்யும்போது உதவி மையம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். கிழக்கு ஆசிய மையத்தைத் தேர்ந்தெடுங்கள். அது இருக்கும் தோக்கியோ நம்மைவிட ஒரு மணி நேரமே முன்னால் இருப்பதால் காலையில் கேட்ட சந்தேகத்துக்கு அன்றைக்கே பதில் வர வாய்ப்பு அதிகம்.

அறிவியல் விளக்கம் நான்கு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். எழுதியவர் யார் என்று மதிப்பீட்டாளருக்குத் தெரியக்கூடாது. "எங்கள் முந்தைய ஆய்வில் காட்டியபடி" என்ற ஒரு வரி போதும், அடையாளம் வெளிப்பட்டுவிடும். சொந்தக் கட்டுரையையும் மூன்றாம் நபருடையதுபோலவே சுட்டுங்கள்.

அதிகம் சறுக்குவது தொழில்நுட்பப் பகுதியில்தான். நுண்ணுணர்வு, அதாவது மங்கலான பொருளையும் பிடிக்கும் திறன், இரு மடங்கு வேண்டுமென்றால் நேரம் நான்கு மடங்காகும். தேவைக்கு மேல் கேட்டால் மதிப்பீட்டாளர் நியாயம் கேட்பார்; குறைத்துக் கேட்டால் தரவு கிடைத்தும் பயன் இருக்காது. அடுத்தது கோண அளவு, அதாவது வானில் பொருள் எவ்வளவு அகலமாகத் தெரிகிறது என்பது. ஆண்டெனாக்களை 16 கிலோமீட்டர் வரை பரப்பினால் நுண்ணிய விவரம் தெரியும், ஆனால் பரந்து விரிந்த வாயு மேகம் படத்திலிருந்து மறைந்துபோகும். அப்படிப்பட்ட பொருளுக்கு நெருக்கமாக நிற்கும் சிறிய 7 மீட்டர் ஆண்டெனாக்களையும் சேர்த்துக் கேளுங்கள். எந்தக் கணக்குக்கும் முன்னால் அல்மாவின் ஆவணக் காப்பகத்தில் தேடுவது கட்டாயம்: அதே பொருளை, அதே அலைவரிசையில், அதே துல்லியத்தில் யாரோ ஏற்கெனவே எடுத்திருந்தால் பொதுவாக நேரம் கிடைக்காது.

விண்ணப்பத்தை இரண்டு நாள் முன்பே சமர்ப்பித்துவிடுங்கள். கெடு வரை திருத்தி மறுபடி அனுப்பலாம். ஆனால் சமர்ப்பித்தபின் குறியீட்டு எண்ணோடு சேமித்த கோப்பில்தான் திருத்த வேண்டும். பழைய கோப்பைத் திறந்து அனுப்பினால் அது இரண்டாவது விண்ணப்பமாகப் பதிவாகிவிடும்.

முடிவு ஆகஸ்டில் வரும், அவதானிப்பு அக்டோபரில் தொடங்கும். முன்னுரிமையில் உயர்ந்த ஏ தரம் கிடைத்தால், அந்த ஆண்டுச் சுற்றில் முடியாத வேலை அடுத்த சுற்றுக்கும் தொடரும். சி தரம் என்றால் இடைவெளி கிடைத்தால் மட்டுமே. நிராகரிக்கப்பட்டாலும் மதிப்பீட்டாளர்களின் கருத்துகள் எழுதியபடியே உங்களுக்கு வந்து சேரும். ஒரே குறையை மூன்று பேர் சொல்லியிருந்தால், அடுத்த மார்ச்சில் முதலில் திருத்த வேண்டியது அதைத்தான்.