அடியில் சூடு இருந்தால் போதும்

வெயில் ஊரில் வளர்ந்தவர்களுக்கு விதை முளைக்க மண்ணைச் சூடாக்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். தூவினோம், தண்ணீர் தெளித்தோம், முளைத்தது, அவ்வளவுதான். குளிர் நாட்டுக்கு வந்த பிறகுதான் தோட்டத்துக்கும் நாட்காட்டி வேண்டும் என்று தெரிந்தது. இங்கே தோட்டக்காரர்கள் பேச்சைத் தொடங்குவதே கடைசி உறைபனி எப்போது விழும் என்பதில்தான், அதற்கு எட்டுப் பத்து வாரம் முன்பே மிளகாயையும் கத்தரியையும் விதைத்தால்தான் கோடை முடிவதற்குள் காய் பார்க்கலாம். அதாவது வெளியே பனி கிடக்கும்போதே விதைப்பு.

பசுமைக்குடில் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். பகலில் வெயில் வந்தால் உள்ளே சுகமாகத்தான் இருக்கும். இராத்திரியில் அந்தக் கண்ணாடி சூட்டைப் பிடித்து வைக்காது, விடியும்போது உள்ளேயும் ஏறக்குறைய வெளிக்குளிர்தான். முழுக் குடிலுக்கும் ஹீட்டர் போடுவது என் கணக்கில் வீண் செலவு. மிளகாய் விதைக்குத் தன்னைச் சுற்றியுள்ள மண் 25 முதல் 30 டிகிரி வரை இருந்தால் போதும், மேலே காற்று கொஞ்சம் குளிர்ந்திருந்தாலும் அது முளைத்துவிடும். மண் 15 டிகிரியில் நின்றால் வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும், பல விதைகள் அழுகியும் போகும்.

அதனால் அடியிலிருந்து சூடேறும் விதைப் படுக்கையாக மேசை உயரத்தில் ஒரு பலகைப் பெட்டி அடித்தேன், நீளம் 120 சென்டிமீட்டர், அகலம் 60. வாடகை வீடு, எப்போது வேண்டுமானாலும் கழற்றி எடுத்துப் போகிற மாதிரி எல்லாம் திருகாணிதான், ஆணி கிடையாது. அடியில் 5 சென்டிமீட்டர் கெட்டித் தெர்மாகோல் பலகை, இதை விட்டால் சூட்டில் நிறைய கீழே இறங்கி வீணாகும். அதன் மேல் பிளாஸ்டிக் விரிப்பு, 5 சென்டிமீட்டர் பருமணல், பிறகு மண்ணைச் சூடேற்றுவதற்கென்றே விற்கிற வயர். 75 வாட், 6 மீட்டர் நீளம், பாய் விரித்த மாதிரி பெட்டியில் ஐந்து வரிசையாக வளைந்து வளைந்து போகும். ஒரு வரி இன்னொன்றைத் தொடவோ குறுக்கே போகவோ கூடாது, தொட்ட இடத்தில் சூடு தேங்கி வயர் கருகும். நீளம் மிஞ்சுகிறதே என்று வெட்டினால் வயர் மின்சாரத்தைத் தடுப்பது குறைந்து கூடுதல் மின்சாரம் பாயும், அது இன்னும் மோசம்.

வயருக்கு மேலே இன்னொரு 5 சென்டிமீட்டர் மணல். இந்த மணல் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், காய்ந்த மணல் சூட்டைப் பரவவிடாது. வேண்டிய சூடு வந்ததும் வயரை அணைக்கிற தெர்மோஸ்டாட்டின் உணர்முனையை இரண்டு வரிகளுக்கு நடுவில் புதைக்க வேண்டும், வயரோடு ஒட்டி வைத்தால் மண் சூடாகும் முன்பே அது அணைத்துவிடும். ஈரமும் மின்சாரமும் ஒரே பெட்டியில் இருப்பதால் 30 மில்லியாம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கிற சுவிட்ச் கட்டாயம். அந்த வேலையை எலக்ட்ரீஷியனிடம் விட்டேன், அந்தக் காசில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

செலவு பற்றிக் கேட்பவர்களுக்கு: 75 வாட் ஒரு முழு நாள் நிற்காமல் ஓடினாலும் 1.8 யூனிட்தான். 2 கிலோவாட் ஹீட்டர் ஒரே மணி நேரத்தில் அதைத் தாண்டிவிடும். தெர்மோஸ்டாட் அவ்வப்போது அணைத்துவிடுவதால் இது அந்த அளவுக்குக்கூடப் போகாது.

மண் நிரப்பி விதை போட்ட குழித்தட்டுகளை மணல் மேல் வைத்து மூடி போட்டுவிடலாம். முளை தலை காட்டியதும் மூடியைத் திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நாற்றழுகல் வந்து வரிசை வரிசையாகச் சாயும். அப்புறம் தட்டைச் சூட்டிலிருந்து நகர்த்தி வெளிச்சத்தில் வைப்பது முக்கியம், அடிச்சூடு நிறைய, வெளிச்சம் குறைவு என்றால் நாற்று வெளுத்து நெடுநெடுவென்று போகும். லெட்யூஸ் கீரையை மட்டும் இந்தப் படுக்கையில் வைக்காதீர்கள், 25 டிகிரிக்கு மேல் போனால் அந்த விதை தூங்கிவிடும்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலி வழியாகப் பார்த்துவிட்டு ஒரு மூலை கேட்டார், ஜெரேனியம் தண்டுகளை வேர் பிடிக்க வைக்க. வணக்கம் சொல்வதோடு நின்றிருந்த பழக்கம் அதற்குப் பிறகு தெர்மோஸ்டாட் பற்றிய பேரமாக வளர்ந்துவிட்டது. வேர்விடும் தண்டுக்கு 20 டிகிரியே போதும், என் மிளகாய்க்கு அது பத்தாது. கடைசியில் மிளகாய் முளைத்து இறங்கும் வரை படுக்கை எனக்கு, அதற்கப்புறம் 20க்கு இறக்கி அவருக்கு என்று பேசி முடித்தோம்.