ஸ்பெயினில் கடலோர ஊர் தேடுகிறீர்களா? பிப்ரவரியில் போய்ப் பாருங்கள்

ஸ்பெயினில் கடலோரமாக அமைதியான ஓர் ஊரில் குடியேற நினைப்பவர்கள் பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில்தான் ஊர் பார்க்கப் போகிறார்கள். அந்த இரண்டு மாதத்தில் எந்த ஊரைப் பார்த்தாலும் பிடித்துவிடும். வெயில் சுடாது, கடைகள் திறந்திருக்கும், கோடைக் கூட்டம் இன்னும் வந்திருக்காது. அதே ஊர் பிப்ரவரியில் எப்படி இருக்கும், ஆகஸ்டில் எப்படி இருக்கும் என்று தெரியாமல் முன்பணம் கட்டுவதுதான் நாங்கள் அதிகம் பார்த்த பிழை. அமைதியான ஊர் வேறு, ஆளில்லாத ஊர் வேறு. பத்து மாதம் பூட்டிக் கிடக்கும் ஊரில் அமைதி இருக்கும், மருந்துக்கடை திறந்திருக்காது.

நாங்கள் கடைசியில் தேர்ந்தெடுத்தது வினாரோஸ். வலென்சியாவுக்கும் பார்சலோனாவுக்கும் இடையில், காஸ்தெல்யோன் மாகாணத்தின் வடக்கு மூலையில் இருக்கும் மீன்பிடி ஊர். இந்த ஊருக்குத்தான் வர வேண்டும் என்று சொல்லவில்லை. எந்த வரிசையில் சலித்தோம் என்பதைச் சொல்கிறோம், உங்கள் பட்டியலுக்கும் அது பொருந்தும்.

முதலில் விசா. ஊரைப் பற்றிப் பேசும்போது விசா எதற்கு என்று தோன்றும். ஆனால் ஊரில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை விசாதான் முடிவு செய்கிறது. வேலை செய்யாமல் சேமிப்பிலோ ஓய்வூதியத்திலோ வாழ்பவர்களுக்கான விசாவில் முக்கிய விண்ணப்பதாரர் ஐப்ரெம் என்ற அரசு வருமானக் குறியீட்டின் நான்கு மடங்கு வருமானம் காட்ட வேண்டும். 2025 கணக்கில் ஐப்ரெம் மாதம் 600 யூரோ. ஆக மாதம் 2,400, வருடம் 28,800 யூரோ. கூட வரும் ஒவ்வொருவருக்கும் மாதம் 600 கூடுதல். இந்த விசாவில் வேலை பார்க்கக் கூடாது. வெளிநாட்டு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்பவர்களுக்குத் தனி விசா உண்டு. அதற்கு ஸ்பெயினின் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல் இரண்டு மடங்கு வருமானம் காட்ட வேண்டும். ஐந்து லட்சம் யூரோவுக்கு வீடு வாங்கினால் வசிப்பு அனுமதி கிடைக்கும் என்ற திட்டம் 2025 ஏப்ரல் 3 அன்று முடிந்துவிட்டது. இன்னும் அதைச் சொல்லி வீடு விற்க வருகிற தரகரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம்.

வேலை செய்யாதோர் விசாவுக்குத் தனியார் மருத்துவக் காப்பீடு கட்டாயம். ஒவ்வொரு முறை டாக்டரைப் பார்க்கும்போதும் கையிலிருந்து பங்கு கட்டச் சொல்லும் பாலிசியை ஏற்க மாட்டார்கள். இங்கேதான் ஊர்த் தேர்வு நுழைகிறது. வினாரோஸில் அரசு மருத்துவமனை இருக்கிறது, 24 மணி நேர அவசரப் பிரிவோடு. ஆனால் தனியார் காப்பீட்டை வைத்துக்கொண்டு அங்கே வழக்கமான சிகிச்சைக்குப் போக முடியாது. காப்பீட்டு நிறுவனத்தின் டாக்டர் பட்டியலை ஊரின் அஞ்சல் குறியீட்டைப் போட்டுத் தேடுங்கள். வினாரோஸுக்கு 12500, பக்கத்து ஊர் பெனிகார்லோவுக்கு 12580. பொது மருத்துவர், பல், கண், இதயம் என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தால் எது உள்ளூரில், எதற்குக் காஸ்தெல்யோன் வரை 80 கிலோமீட்டர் போக வேண்டும் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். நகராட்சிப் பதிவேட்டில் பெயர் ஏறி ஒரு வருடம் ஆன பிறகு, மாதக் கட்டணம் செலுத்தி அரசு மருத்துவத்தில் சேர வழி உண்டு. 65 வயதுக்குக் கீழே 60 யூரோ, அதற்கு மேல் 157 யூரோ. மருந்துச் செலவு முழுக்க நம்முடையது. வயதானவர்களுக்குத் தனியார் காப்பீட்டுத் தொகை ஏறிக்கொண்டே போவதால், பெற்றோரோடு வருபவர்கள் இந்தக் கணக்கை முதல் நாளே போட்டு வைப்பது நல்லது.

அடுத்தது ஓட்டுநர் உரிமம். வசிப்பு அனுமதி பெற்ற நாளிலிருந்து ஆறு மாதம்தான் வெளிநாட்டு உரிமம் செல்லும். சில நாடுகளின் உரிமத்தை ஸ்பானிய உரிமமாக மாற்றித் தருகிறார்கள். இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், சாலைத் தேர்வு ஸ்பானிய மொழியில்தான். ஆகவே முதல் ஒன்றிரண்டு வருடம் காரில்லாமல் வாழக்கூடிய ஊராகப் பாருங்கள். மலைச்சரிவில் கடல் தெரியும் வில்லா, கடைக்கு நான்கு கிலோமீட்டர் என்றால் அது காரோடு வாழ்பவருக்கான வீடு.

ரயிலை வரைபடத்தில் பார்த்து நம்ப வேண்டாம். முர்சியா மாகாணத்து அகிலாஸ் அழகான ஊர், ரயில் நிலையமும் உண்டு. ஆனால் அதிவேகப் பாதைப் பணிக்காக 2021 அக்டோபரில் அந்த வழியில் ரயிலை நிறுத்திவிட்டார்கள், பேருந்துதான். டெனியாவிலிருந்து அலிகாந்தேக்குப் பெனிதோர்ம் வழியாகக் குறுகிய பாதை ரயில் போகிறது. நல்ல வசதிதான், ஆனால் அங்கே வாடகை எங்கள் கைக்கு மேலே. வினாரோஸ் வலென்சியா–பார்சலோனா தடத்தில் இருக்கிறது. நிலையம் ஊரின் மேற்கு விளிம்பில், நடந்தால் இருபது நிமிடத்துக்கு மேல். பெட்டியோடு வருபவர் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இப்போது பிப்ரவரி விஷயம். வார நாளில், செவ்வாயோ புதனோ, இரவு எட்டு மணிக்கு நீங்கள் பார்த்து வைத்திருக்கும் தெருவில் நின்று வீடுகளை அண்ணாந்து பாருங்கள். ஸ்பானிய வீடுகளில் ஜன்னலுக்கு வெளியே சுருட்டி இறக்கும் பலகைத் திரை இருக்கும். அது முழுக்க இறங்கியிருந்து, பால்கனியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் கவிழ்த்து அடுக்கியிருந்தால் அது கோடை வீடு. ஐந்து மாடிக் கட்டிடத்தில் விளக்கெரியும் ஜன்னல்களை எண்ணுங்கள். இருபதில் இரண்டு என்றால் குளிர்காலம் முழுவதும் அந்த இரண்டு வீட்டோடுதான் உங்கள் வாழ்க்கை. லிஃப்ட் பழுதானால் அவசரப்பட்டுச் சரி செய்ய ஆளிருக்காது. வாசல் கிராதியில் எண் பூட்டுப் போட்ட சிறு சாவிப் பெட்டிகள் தொங்குகின்றனவா என்றும் பாருங்கள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு சுற்றுலா வாடகை வீடு. 2025 ஏப்ரலிலிருந்து புதிதாக அப்படி விட வேண்டுமானால் கட்டிடத்து உரிமையாளர்களில் ஐந்தில் மூன்று பங்கினர் ஒப்ப வேண்டும். ஏற்கெனவே சட்டப்படி நடப்பவை தொடரும்.

திருவிழா நாளில் மட்டும் போய்விட வேண்டாம். வினாரோஸில் கார்னிவல் பெரிய கொண்டாட்டம், அதுவும் பெரும்பாலும் பிப்ரவரியில்தான் வரும். அப்போது பார்த்தால் ஊர் ஜேஜே என்று இருக்கும், கணக்கு தப்பிவிடும்.

வருடம் முழுக்க உயிரோடிருக்கும் ஊருக்கு நான்கு அடையாளங்கள் வைத்துக்கொண்டோம்: மேல்நிலைப் பள்ளி, தினமும் திறக்கும் நகராட்சிச் சந்தை, படகு போய்வரும் துறைமுகம், மருத்துவமனை. பக்கத்திலுள்ள பென்யிஸ்கோலாவின் கோட்டையும் கடற்கரையும் மனதை அள்ளும். ஆனால் சில ஆயிரம் பேர் வாழும் அந்த ஊரில் கோடையில் கூட்டம் பல மடங்காகிவிடும், குளிர்காலத்தில் கடற்கரையோர ஓட்டல்கள் வரிசையாக அடைத்துக் கிடக்கும். அங்கிருந்து பத்தே நிமிடக் கார்ப் பயணத்தில் இருக்கும் பெனிகார்லோ கூனைப்பூ விளையும் விவசாய ஊர், சுற்றுலாவை நம்பி இல்லை. வினாரோஸுக்கு இறாலும் துறைமுகமும் சோறு போடுகின்றன. மாலையில் படகுகள் திரும்பியதும் மீன் ஏலம் நடக்கும், மறுநாள் காலை அதே மீன் சந்தையில் இருக்கும். சோற்றுக்கும் கவலையில்லை: வடக்கே கொஞ்ச தூரத்தில் எப்ரோ டெல்டா, கண்ணுக்கெட்டிய தூரம் வயல். குட்டை அரிசிதான், ஆனாலும் தயிர் சாதத்துக்கு அருமையாகக் குழைகிறது.

வெள்ளத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெயில் காயும் நாளில் இது யாருக்கும் நினைவுக்கு வராது. மத்தியதரைக் கடலோரத்தில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை சில மணி நேரத்தில் பேய்மழை கொட்டும். 2024 அக்டோபர் 29 அன்று வலென்சியா பக்கம் 200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மிக மோசமாக அடிபட்ட பைபோர்த்தாவில் அன்று மழையே பெரிதாக இல்லை. மேற்கே மலைப்பக்கம் பெய்த மழை காட்டாற்று வழியாக இறங்கி வந்தது. ஆகவே வீட்டு வாசலைப் பார்த்தால் போதாது, மேலேயிருந்து தண்ணீர் எந்த வழியில் இறங்கும் என்று பார்க்க வேண்டும். அரசின் வெள்ள அபாய வரைபடம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 10, 100, 500 ஆண்டுக்கொருமுறை வரக்கூடிய வெள்ளம் எதுவரை எட்டும் என்று அடுக்கடுக்காகக் காட்டும். தெருப் பெயரில் ‘ரம்ப்லா’ என்றோ ‘பர்ராங்க்’ என்றோ இருந்தால் அது ஒரு காலத்தில் ஓடையாக இருந்திருக்கலாம், கட்டாயம் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். வினாரோஸிலும் ஊருக்கு வடக்கே செர்வோல் ஆறு கடலில் சேருகிறது. வருடத்தில் பெரும்பாலும் வறண்டு கிடக்கும் ஆறுதான். அதன் கரையோர வீடுகளை நாங்கள் பார்க்கவே இல்லை. மார் மெனோர் ஏரிக்கரையில் லோஸ் அல்காசாரெஸ் ஊரில் வீடு மலிவாகக் கிடைக்கும். 2016 டிசம்பரிலும் 2019 செப்டம்பரிலும் அங்கே தெருவெல்லாம் வெள்ளம். வாடகை வீடாக இருந்தாலும் வீட்டுக் காப்பீடு எடுங்கள். வெள்ள இழப்பை அரசு இழப்பீட்டு நிதியம் தருகிறது, ஆனால் செல்லுபடியாகும் பாலிசி இருப்பவர்களுக்கு மட்டும்.

காற்றும் ஊருக்கு ஊர் மாறும். தரிஃபாவில் கிழக்குக் காற்று நாள்கணக்கில் அடிக்கும், பாய்மரச் சறுக்கு விளையாடுபவர்களுக்குச் சொர்க்கம், மற்றவர்களுக்குத் தலைவலி. அல்மேரியா கடற்கரை ஐரோப்பாவிலேயே மிக வறண்ட பகுதிகளில் ஒன்று. வடக்கே கலீசியா எப்போதும் பச்சை, அந்தப் பச்சைக்கு ஏற்ற மழை.

வாடகையில் பலர் மாட்டிக்கொள்வது ‘செப்டம்பர் முதல் ஜூன் வரை’ ஒப்பந்தத்தில். விலை குறைவாக இருக்கும், வீடும் நன்றாக இருக்கும். ஜூலை பிறந்ததும் காலி செய்ய வேண்டும், ஏனென்றால் வருட வருமானத்தில் பெரும்பகுதியை உரிமையாளர் அந்த இரண்டு மாதத்தில் எடுக்கிறார். இது பருவகால வாடகை. நிரந்தரக் குடியிருப்புக்கான சட்டப் பாதுகாப்பு இதற்குக் கிடையாது. நிரந்தர ஒப்பந்தத்தில் வாடகைதாரர் விரும்பினால் ஐந்து வருடம் வரை இருக்கலாம், உரிமையாளர் நிறுவனமாக இருந்தால் ஏழு. முன்பணம் ஒரு மாதம், கூடுதல் உத்தரவாதம் கேட்டால் இரண்டு மாதத்துக்கு மேல் கூடாது. 2023 மேயிலிருந்து தரகுக் கட்டணம் உரிமையாளர் தலையில். இதையெல்லாம் தவிர்க்கத்தான் சிலர் நிரந்தரமாகக் குடியிருக்க வருபவர்களிடமும் ‘பருவகாலம்’ என்று எழுதி வாங்கப் பார்ப்பார்கள். ஒப்பந்தத் தலைப்பில் ‘வழக்கமான குடியிருப்பு’ என்று பொருள்படும் ‘விவியெந்தா அபித்துவால்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

புதிதாக வருபவருக்கு வீடு மறுக்கப்படுவதற்கு முக்கியக் காரணம் சம்பளச் சீட்டு. உரிமையாளர்கள் வாடகை வராவிட்டால் ஈடு செய்யும் காப்பீடு எடுக்கிறார்கள். அந்தக் காப்பீட்டாளர் ஸ்பானியச் சம்பளச் சீட்டைக் கேட்கிறார். வங்கியில் எவ்வளவு இருந்தாலும் அந்தப் படிவத்தில் எழுத இடமில்லை. பெரிய இணையதளங்களை விட்டுவிட்டு, ஊரிலேயே கண்ணாடிக் கதவில் வீட்டுப் படம் ஒட்டியிருக்கும் சின்னத் தரகுக் கடைகளில் நேரில் போய், விசாவையும் வங்கி இருப்பையும் எடுத்து வைத்துப் பேசினால் வழி பிறக்கிறது. பகல் இரண்டிலிருந்து ஐந்து வரை கடை சாத்தியிருக்கும், காலையில் போங்கள்.

வீட்டுக்குள் போனதும் கடலைப் பார்க்காதீர்கள், சுவரைப் பாருங்கள். தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்துக்கு மட்டும் புது வெள்ளை அடித்திருந்தால் அங்கே ஈரம் ஏறுகிறது. அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுத் தடவுங்கள். இந்த வீடுகள் கோடைக்காகக் கட்டப்பட்டவை: பளிங்குத் தரை, மெல்லிய சுவர், ஒற்றைக் கண்ணாடி ஜன்னல். வெளியே 10 டிகிரி இருக்கும்போது வடக்குப் பார்த்த வீட்டுக்குள் வெளியைவிடக் குளிரும். தெற்குப் பார்த்த வீடு என்றால் குளிர்கால வெயில் கூடம் வரை வந்து விழும். ஜனவரி மின்கட்டண ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அதிலேயே ஒப்பந்த மின்திறனும் இருக்கும், பழைய வீடுகளில் பெரும்பாலும் 3.45 கிலோவாட். தண்ணீர் கொதிகலன் 1.5, சூடேற்றி 2 கிலோவாட் என்று இரண்டையும் போட்டாலே எல்லை எட்டிவிடும், அதோடு மின் அடுப்பையும் திருகினால் மொத்த வீடும் அணைந்துவிடும். குறைந்தது 4.6க்கு உயர்த்தித் தர முடியுமா என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். வயரிங் பழையதாக இருந்தால் மின்பணியாளரின் சான்றிதழ் தேவைப்படும், அந்தச் செலவு யாருடையது என்பதும் முன்பே தெரிய வேண்டும்.

வீடு வாங்குவதை ஒரு வருடம் வாடகையில் இருந்து பார்த்த பிறகு யோசியுங்கள். அப்போது பத்திரப் பதிவகத்திலிருந்து ‘நோத்தா சிம்ப்ளே’ எடுங்கள், சுமார் பத்து யூரோ. உரிமையாளர் யார், அடமானம் இருக்கிறதா என்று அதில் இருக்கும். கடலை ஒட்டிய வீடானால் 1988ஆம் ஆண்டுக் கடற்கரைச் சட்டத்தின் எல்லைக்கோடு எங்கே போகிறது என்று தனியாகப் பார்க்க வேண்டும். கோட்டுக்குக் கடல் பக்கம் இருக்கும் நிலம் பொதுச்சொத்து. அங்கே வீடு வாங்கினாலும் கையில் இருப்பது குறிப்பிட்ட காலத்துக்கான அனுபவ உரிமைதான். கோட்டிலிருந்து உள்ளே 100 மீட்டர் வரை, பழைய நகர்ப்பகுதி என்றால் 20 மீட்டர் வரை, வீட்டைப் பெரிதாக்கக் கட்டுப்பாடு உண்டு. முன்பணம் வழக்கமாகப் பத்து சதவீதம். அதற்கான ஒப்பந்தத்தில், நீங்கள் பின்வாங்கினால் பணம் போகும், விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் தர வேண்டும் என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

வந்து இறங்கியதும் முதல் வேலை நகராட்சியில் பெயர் பதிவது. பாஸ்போர்ட்டும் வாடகை ஒப்பந்தமும் போதும். செல்லுபடியாகும் ஒப்பந்தம் கையில் இருந்தால் உரிமையாளரின் சம்மதம் வேண்டியதில்லை. அடையாள அட்டைக்கு நாட்டுக்குள் நுழைந்து ஒரு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், கைரேகை எடுப்பது தேசியக் காவல்துறை. எல்லாச் சின்ன ஊரிலும் அந்த அலுவலகம் இருக்காது, மாகாணத் தலைநகருக்குப் போக வேண்டி வரலாம். முன்பதிவு இணையத்தில் கிடைப்பது சிரமம், காலையில் அடிக்கடி பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தபடி இருக்க வேண்டும். பதிவேட்டுச் சான்றிதழ் பழையதாக இருந்தால் திருப்பி அனுப்புவார்கள், ஆகவே தேதி கிடைத்த பிறகு புதிதாக ஒன்று வாங்கி அதையே எடுத்துச் செல்லுங்கள்.